“பிறந்த பிறகு பார்க்கலாம்”: ஒரு வரி பிறந்த கதை

அக்கா மகளுக்கு அப்போது ஐந்தாம் மாதம். அனாமலி ஸ்கேன் முடிந்ததும் மாமியாரைக் கூட்டிக்கொண்டு நேரே என் வீட்டுக்கு வந்துவிட்டாள். உட்காரக்கூட இல்லை. பையிலிருந்து ரிப்போர்ட்டை உருவி என் கையில் கொடுத்தாள்.

“சித்தி, கடைசி ரெண்டு வரியை மட்டும் படிங்க.”

படித்தேன். வயிற்றுப் பிள்ளையின் வலது சிறுநீரகத்தின் உட்கூடு 5 மில்லிமீட்டர் விரிந்திருக்கிறது. இடது சிறுநீரகம், சிறுநீர்ப்பை, பனிக்குட நீர் எல்லாம் இயல்பு. 32ஆம் வாரத்தில் இன்னொரு ஸ்கேன் எடுக்கவும்; குழந்தை பிறந்த பிறகு குழந்தைக்கு ஸ்கேன் எடுத்துப் பார்க்கவும்.

மாமியார் அதற்குமேல் பொறுக்கவில்லை. “பிள்ளைக்குக் கிட்னியில நீர் கோத்திருக்காம். இப்பவே ஒரு மருந்து கொடுத்துக் கரைக்கக் கூடாதாம்மா? வாழைத்தண்டுச் சாறு குடிச்சா சரியாப் போகும்னு எங்க ஊர்ல சொல்லுவாங்க. டாக்டரம்மா என்னடான்னா, பிறந்த பிறகு பார்க்கலாம்னு அனுப்பிட்டாங்க.”

அவர் குரலில் இருந்த ஆற்றாமை எனக்குப் புரிந்தது. நம் பேச்சில் ‘பார்க்கலாம்’ என்ற சொல்லுக்கு நல்ல பெயர் கிடையாது. கடன் கேட்டவரிடம் ‘பார்க்கலாம்’ என்றால் இல்லை என்று பொருள். மனு கொடுத்தவரிடம் ‘பார்க்கலாம்’ என்றால் இன்னும் நாலு நடை நடக்க வேண்டும் என்று பொருள். பிறக்காத பேரப்பிள்ளையைப் பற்றி அந்தச் சொல்லைக் கேட்டால் எந்தப் பாட்டிக்குத்தான் மனசு ஆறும்?

ஆனால் அந்த வரியில் ‘பார்க்கலாம்’ என்பது தட்டிக்கழிக்கும் சொல் அல்ல. அதற்கு நேர்ப்பொருள்தான்: கண்ணால் பார்ப்பது, நாள் குறித்துப் பார்ப்பது, மறுபடியும் பார்ப்பது. அந்த வரியை எழுத மருத்துவம் அரை நூற்றாண்டு செலவழித்திருக்கிறது. கிளாஸ்கோவுக்கு அருகே ஒரு கொதிகலன் தொழிற்சாலையில் தொடங்கி சிட்னி, லண்டன், ஒஹாயோ என்று சுற்றிவந்த வரி அது.

முதலில் அந்த 5 மில்லிமீட்டர் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்வோம். சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டிச் சொட்டுச் சொட்டாகச் சிறுநீரை இறக்குகிறது. அந்தச் சொட்டுகள் சிறுநீரகத்தின் நடுவில் புனல் போன்ற ஒரு கூட்டில் சேர்கின்றன. புனலின் வாலிலிருந்து குழாய் இறங்கிச் சிறுநீர்ப்பைக்குப் போகிறது. கருவிலேயே இந்த வேலை தொடங்கிவிடும். ஐந்தாம் மாதத்தில் பிள்ளையைச் சுற்றியிருக்கும் பனிக்குட நீரில் பெரும்பங்கு பிள்ளையின் சிறுநீர்தான். அந்தப் புனல் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அகன்றிருந்தால் அதைத்தான் ‘கிட்னி வீக்கம்’ என்கிறோம். ஐந்தாம் மாதத்தில் 4 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் ஒன்றும் எழுத மாட்டார்கள். 4 மில்லிமீட்டர் என்பது ஒரு மிளகின் பருமன். அந்த அளவை எட்டினால் குறித்துவைப்பார்கள். நூறு கர்ப்பங்களில் ஒன்று முதல் ஐந்து வரை இப்படிக் குறிக்கப்படுகின்றன.

இரண்டு தலைமுறைக்கு முன்பு இது யாருக்கும் தெரியாது. ஏனென்றால் யாரும் உள்ளே பார்த்ததில்லை. அடைப்பு இருந்த குழந்தை நோயாளியாகத்தான் டாக்டர் முன்னால் வந்து நிற்கும். விட்டு விட்டுக் காய்ச்சல், விலாவில் வலி, சிறுநீரில் சீழ், வயிற்றில் கைக்குத் தட்டுப்படும் கட்டி. அதற்குள் பல குழந்தைகளின் சிறுநீரகம் பாதி கெட்டுப் போயிருக்கும். அப்படி வந்த குழந்தைகளுக்கு ஒரு நல்ல அறுவைச் சிகிச்சை 1949இல் கிடைத்தது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற சிறுநீரகச் சர்ஜனும், வில்ஃபிரட் ஹைன்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜனும் சேர்ந்து செய்தது. குறுகிய பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, புனலையும் குழாயையும் அகலமாக மீண்டும் தைத்து இணைப்பது. இன்றும் இந்தக் குறைக்கு அவர்கள் பெயரால் வழங்கும் அதே அறுவைதான். பெரிய கீறலுக்குப் பதில் பல இடங்களில் சிறு துளை போதும் என்பதுதான் மாற்றம்.

ஆக, வைத்தியம் முதலில் வந்துவிட்டது. பார்க்கும் கண் பிறகுதான் வந்தது.

அந்தக் கண்ணைத் திறந்தவர் கிளாஸ்கோவின் மகப்பேறு மருத்துவர் இயன் டொனால்ட். இரண்டாம் உலகப் போரில் விமானப் படையில் வேலை பார்த்தவர். ராடாரும் சோனாரும் அவருக்குப் பழக்கம். அருகில் ரென்ஃப்ரூ என்ற ஊரில் பாப்காக் அண்ட் வில்காக்ஸ் என்ற கொதிகலன் நிறுவனம் இருந்தது. இரும்புப் பற்றவைப்பில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறதா என்று அங்கே கேளா ஒலியைச் செலுத்தி எதிரொலியை வைத்துக் கண்டுபிடிப்பார்கள். இரும்பில் விரிசல் தெரியுமானால் உடம்பில் கட்டி தெரியாதா என்று டொனால்டுக்குத் தோன்றியது. 1955ஆம் ஆண்டு ஜூலை மாதம், அறுவையில் எடுத்த கர்ப்பப்பைக் கட்டிகளையும் சினைப்பை நீர்க்கட்டிகளையும் காரின் பின்பெட்டியில் ஏற்றிக்கொண்டு அந்தத் தொழிற்சாலைக்குப் போனார். ஒப்பிட்டுப் பார்க்க அங்கே ஒரு பெரிய இறைச்சித் துண்டும் தயாராக இருந்தது. நீர்க்கட்டி ஒரு விதமாகவும் கெட்டிச் சதை வேறு விதமாகவும் எதிரொலித்தன. டாம் பிரவுன் என்ற இளம் பொறியாளர் கருவியைச் செம்மைப்படுத்தினார். மருத்துவர் ஜான் மெக்விகாரும் சேர்ந்து, மூவருமாக 1958 ஜூனில் லான்செட் இதழில் கட்டுரை வெளியிட்டார்கள். வயிற்றில் ஆற்ற முடியாத புற்றுநோய் என்று கைவிடப்பட்ட ஒரு பெண்ணுக்கு, இருப்பது வெறும் சினைப்பை நீர்க்கட்டிதான் என்று இந்தக் கருவி காட்டிக்கொடுத்ததும், அதை அகற்றி அவர் பிழைத்ததும் அந்தக் கட்டுரையால் வெளியே தெரிந்த கதை.

டொனால்ட் காலத்துப் படங்கள் கறுப்பில் வெள்ளைக் கோடுகளாகத்தான் இருந்தன. சதையின் உள்விவரம் தெரியாது. ஆஸ்திரேலியாவில் ஜார்ஜ் கோசாஃப் குழுவினர் சாம்பல் நிறத்தின் ஏற்ற இறக்கங்களோடு படம் எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். சிட்னியின் பெண்கள் மருத்துவமனையில் வில்லியம் காரெட் அந்தக் கருவியால் கர்ப்பிணிகளைப் பார்த்தார். 1970இல் கருவிலிருக்கும் பிள்ளையின் சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் நிறைந்திருப்பதை அவர் குழு கண்டறிந்தது. 1975இல் நீர் கோத்து வீங்கிய சிறுநீரகத்தையும், விரிந்த குழாயையும், அடைபட்ட சிறுநீர் வழியையும் பிறப்பதற்கு முன்பே கண்டதாக எழுதினார்கள். அம்மாவின் வயிற்றுக்குள்ளேயே பிள்ளையின் கிட்னியைப் பார்க்கலாம் என்று ஆயிற்று.

பார்த்தவுடன் என்ன செய்வது என்பதுதான் அடுத்த கேள்வி. பதில் அன்றைக்குச் சந்தேகத்துக்கு இடமில்லாததாகத் தெரிந்தது. வீங்கிய சிறுநீரகம் என்றால் அடைப்பு. அடைப்பு என்றால் ஆபரேஷன். நல்ல ஆபரேஷன் கையில் இருக்கிறது. காலம் கடந்தால் கிட்னி போய்விடும் என்று தாத்தா காலத்துக் குழந்தைகள் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் லோவல் கிங் குழுவினர் 1984இல், அடைப்புள்ள பச்சிளங்குழந்தைக்கு உடனே அறுவை செய்வதே சரி என்று வாதிட்டுக் கட்டுரை எழுதினார்கள். அவர்கள் அவசரக்காரர்கள் அல்ல. தாமதமாக வந்த குழந்தைகளைப் பார்த்து வருந்தியவர்கள்.

ஆனால் அந்தக் கணக்கில் ஒரு பிழை இருந்தது. தாமதமாக வந்தவை, நோய் முற்றிய குழந்தைகள் மட்டும்தான். வீங்கியிருந்து தானாகவே வற்றிப்போன சிறுநீரகங்கள் ஒருநாளும் டாக்டரிடம் வந்ததில்லை. அவை எத்தனை என்று யாருக்கும் தெரியாது. ஸ்கேன் அந்த இரு கூட்டத்தையும் ஒரே வரிசையில் கொண்டுவந்து நிறுத்திவிட்டது.

அந்த வரிசையைப் பிரித்தறியப் பொறுமையாக உட்கார்ந்தவர்களில் முதன்மையானவர்கள், லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையில் ஃபிலிப் ரான்ஸ்லியும் அவருடைய சகாக்களும். அவர்கள் வீக்கத்தை மட்டும் பார்க்கவில்லை; வேலையைப் பார்த்தார்கள். மிகச் சிறிதளவு கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்றினால் இரண்டு சிறுநீரகங்களும் அதைப் பங்கு போட்டு வடிகட்டும். பங்கு ஐம்பதுக்கு ஐம்பது என்றால் இரண்டும் சமம். வீங்கிய சிறுநீரகம் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் வேலை செய்தால் கத்தியை எடுக்காமல் கவனித்துவந்தார்கள். பங்கு குறைந்தால் மட்டும் அறுவை. 1990இல் அந்த அனுபவத்தை வெளியிட்டார்கள். பெரும்பாலான சிறுநீரகங்கள் கெடவில்லை. பல தாமாகவே சரியாகியிருந்தன.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் கொலம்பஸ் நகரத்து ஸ்டீபன் காஃப் இன்னும் ஒரு படி துணிந்தார். ஒரு பக்கம் மட்டும் கடுமையாக வீங்கிய குழந்தைகளையும் அறுவை செய்யாமல் நெருக்கமாகக் கண்காணித்தார். அவர் குழு 2000ஆம் ஆண்டில் எழுதிய நீண்டகாலக் கணக்கில், அப்படிக் கவனித்த 104 குழந்தைகளில் 23 பேருக்குத்தான் அறுவை தேவைப்பட்டது. இது கடுமையான வீக்கம் உள்ள குழந்தைகளின் கணக்கு என்பதை நினைவில் வைக்க வேண்டும். கடும் வீக்கத்துக்கே இப்படி என்றால், மிளகளவு வீக்கத்துக்குக் கத்தி எதற்கு?

புனல் விரிந்திருப்பதற்கு அடைப்பு மட்டுமே காரணம் இல்லை என்பது இந்தக் காத்திருப்பில்தான் தெளிவானது. கருவிலிருக்கும் பிள்ளை ஏராளமாகச் சிறுநீர் கழிக்கிறது. அதை இறக்கும் குழாயோ இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. அங்கங்கே மடிப்பும் குறுகலும் இருக்கும். பிள்ளை வளர வளர மடிப்பு நீள்கிறது, குறுகல் விரிகிறது, புனல் தன் அளவுக்கு வந்துவிடுகிறது. சிலருக்கு மட்டுமே உண்மையான அடைப்பு. வேறு சிலருக்குச் சிறுநீர்ப்பையிலிருந்து சிறுநீர் மேல்நோக்கித் திரும்பி ஏறும் குறை இருக்கும்.

இதற்கிடையே 1991இல் அமெரிக்காவின் கோர்ட்வில் குழுவினர் ஒரு அளவுகோலை முன்வைத்தார்கள். 33 வாரத்துக்கு முன்பு 4 மில்லிமீட்டர், அதற்குப் பிறகு 7 மில்லிமீட்டர். இந்த அளவில் கோடு போட்டால் உண்மையான நோயுள்ள எந்தக் குழந்தையும் நழுவாது என்பது அவர்கள் கண்டது. நழுவவிடாத வலைக்குக் கண்ணி சிறியதாகத்தான் இருக்கும். அதில் ஆரோக்கியமான பிள்ளைகளும் நிறையச் சிக்குவார்கள். அக்கா மகளின் பிள்ளை சிக்கியது அந்த வலையில்தான்.

சிக்கியவர்களில் எத்தனை பேருக்கு உண்மையில் குறை? 2006இல் அமெரிக்க மருத்துவர்கள் அதுவரை வந்திருந்த பல ஆய்வுகளைத் திரட்டிக் கணக்குப் போட்டார்கள். லேசான வீக்கம் இருந்தவர்களில் நூற்றுக்குச் சுமார் 12 பேருக்குப் பிறந்த பிறகு ஏதேனும் குறை தெரிந்தது. நடுத்தர வீக்கத்தில் 45 பேர். கடும் வீக்கத்தில் 88 பேர். லேசான வீக்கம் என்றால் நூற்றுக்கு 88 பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை. ஆனால் சிறுநீர் மேலேறும் குறை மட்டும் இந்த வரிசைக்குக் கட்டுப்படவில்லை. வீக்கம் லேசானாலும் பெரிதானாலும் அதன் வாய்ப்பு ஏறக்குறைய ஒன்றுதான். அந்த 12 பேருக்காகவும் இந்தக் கட்டுப்படாத குறைக்காகவும்தான் ‘கவலை வேண்டாம்’ என்று மட்டும் எழுதிவிடாமல் ‘பார்க்கவும்’ என்றும் எழுதுகிறார்கள்.

எங்கே, எப்போது பார்ப்பது என்பதை நம் நாட்டில் இந்தியக் குழந்தை சிறுநீரகவியல் சங்கம் 2001இல் வழிகாட்டுதலாக வெளியிட்டு, 2013இல் திருத்தியது. 2014 மார்ச்சில் அமெரிக்காவின் மேரிலாந்தில் எட்டு மருத்துவச் சங்கங்கள் கூடி ஒரே அளவு முறையை வகுத்தன. புனலின் அகலம், அதிலிருந்து கிளைக்கும் கிண்ணங்கள், சிறுநீரகச் சதையின் தடிமன், அதன் தோற்றம், குழாய், சிறுநீர்ப்பை என்று ஆறையும் சேர்த்துப் பார்த்துத் தரம் பிரிக்கச் சொன்னார்கள். ஒரு ஸ்கேன் மையத்தில் ‘லேசு’ என்பதை இன்னொன்று ‘நடுத்தரம்’ என்று எழுதிப் பெற்றோரைக் கலங்கவைக்கும் நிலை இதனால் குறைந்தது.

இத்தனையும் வடிந்து இறங்கியதுதான் அந்த ஒரு வரி. அதைப் பிரித்துப் பார்த்தால் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு காரணம் இருக்கிறது.

பிறந்த அன்றே ஸ்கேன் எடுப்பதில்லை. முதல் இரண்டு நாள் குழந்தைக்குச் சிறுநீர் குறைவு. புனல் வற்றியிருக்கும், இருக்கும் வீக்கமும் இல்லாததுபோலத் தெரியும். அதனால் 48 மணி நேரம் கழித்து, முதல் வாரத்துக்குள் எடுக்கச் சொல்கிறார்கள். அதில் நன்றாக இருந்தாலும் அத்தோடு விடக் கூடாது. நாலு முதல் ஆறு வாரத்துக்குள் இன்னொரு முறை பார்க்க வேண்டும். நம்மூரில் இதை மறக்காமலிருக்க ஒரு வழி உண்டு: ஒன்றரை மாதத் தடுப்பூசிக்குப் போகும்போது ஸ்கேனும் எடுத்துவிடுவது. லேசான வீக்கம் தொடர்ந்தால், அது மறையும்வரை அல்லது கூடுகிறது என்று தெரியும்வரை சில மாத இடைவெளியில் ஸ்கேன் மட்டும் போதும். சிறுநீர்ப் பாதையில் குழாய் செருகி எடுக்கும் எக்ஸ்ரே, ஊசி போட்டு எடுக்கும் கதிரியக்கப் படம், தினமும் ஆன்டிபயாடிக் ஆகியவை ஒரு காலத்தில் லேசான வீக்கமுள்ள குழந்தைக்கும் நடந்தன. இன்று பெரும்பாலும் தேவையில்லை. காத்திருந்து கற்றவர்கள் நம் பிள்ளைகளுக்குக் கொடுத்த கொடை இது.

காத்திருப்புக்கு நடுவே வீட்டில் ஒரு விஷயத்தில் மட்டும் கண்ணும் கருத்துமாக இருக்க வேண்டும். காய்ச்சல். சளி, இருமல் ஏதுமில்லாமல் கைக்குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால், பால் குடிக்காமல் சோர்ந்தால், அன்றே டாக்டரிடம் காட்டி, கர்ப்பத்தில் கிட்னி வீக்கம் சொன்னார்கள் என்று முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டும். ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே சிறுநீர்ப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட வேண்டும். மருந்து விழுந்த பிறகு எடுத்தால் கிருமி பிடிபடாமல் போகலாம்.

‘பார்க்கலாம்’ என்று விடக் கூடாத பிள்ளைகளும் உண்டு. இரண்டு சிறுநீரகமும் கடுமையாக வீங்கி, சிறுநீர்ப்பைச் சுவர் தடித்து, பனிக்குட நீரும் குறைந்திருந்தால் அது சிறுநீர் வெளியேறும் வழியிலேயே இருக்கும் அடைப்பாக இருக்கலாம். ஆண் குழந்தைகளுக்கு மட்டும் வரும் இந்தச் சவ்வடைப்பை அமெரிக்கச் சர்ஜன் ஹியூ ஹாம்ப்டன் யங் 1919இலேயே வகைப்படுத்தி எழுதினார். ஆணா பெண்ணா என்று சொல்வதை நம் சட்டம் தடுக்கிறது. சொல்லத் தேவையும் இல்லை. இந்த அடையாளங்கள் தெரிந்தால் குழந்தை அறுவை நிபுணர் இருக்கும் மருத்துவமனையில் பிரசவம் பார்க்கச் சொல்வார்கள்; பிறந்த 24 முதல் 48 மணி நேரத்துக்குள்ளேயே ஸ்கேன் எடுப்பார்கள். ஒரே ஒரு சிறுநீரகத்தோடு பிறக்கும் பிள்ளை வீக்கத்தோடு இருந்தாலும் அவசரமாகத்தான் பார்க்க வேண்டும்.

அன்று இவ்வளவையும் நான் அந்த மாமியாரிடம் சொல்லவில்லை. வாழைத்தண்டு உடம்புக்கு நல்லதுதான், மருமகளுக்குச் சமைத்துப் போடுங்கள், ஆனால் பிள்ளையின் புனலை அது சுருக்காது. அதற்கு நாள்தான் மருந்து என்று மட்டும் சொன்னேன்.

எனக்குள் வேறு ஒரு பயம் இருந்தது. அந்த வரி எழுதப்பட்டிருப்பது அம்மாவின் ஃபைலில். பிரசவம் முடிந்ததும் அந்த ஃபைல் அலமாரிக்குப் போய்விடும். பிள்ளைக்குப் புதிதாக ஒரு தடுப்பூசி அட்டை போடுவார்கள். மகப்பேறு டாக்டர் வேறு, குழந்தை டாக்டர் வேறு. பிள்ளை பெற்றவள் தாய் வீட்டுக்குப் போவாள். அங்கே இன்னொரு டாக்டர். அரை நூற்றாண்டு உழைத்து எழுதிய வரி, ஒரு ஃபைலிலிருந்து இன்னொரு அட்டைக்குத் தாண்டாமல் தொலைந்துபோக நம் வீடுகளில் எல்லா வாய்ப்பும் இருக்கிறது.

32ஆம் வாரத்தில் வலது புனல் 8 மில்லிமீட்டர். பெண் குழந்தை பிறந்தது. ஐந்தாம் நாள் ஸ்கேனில் 6. அந்த ரிப்போர்ட் கைக்கு வந்ததும், ‘குறைஞ்சிடுச்சே, இனி எதுக்கு’ என்று வீட்டில் பேச்சு எழுந்தது. பெரும்பாலான வீடுகளில் கதை முடிவது இந்த இடத்தில்தான்.

ஒன்றரை மாதம் கழித்து, தடுப்பூசி போட்டு அழுத களைப்பில் தோளில் தூங்கும் பிள்ளையோடு அக்கா மகள் வந்தாள். கையில் புது ரிப்போர்ட். 4 மில்லிமீட்டர், இரு பக்கமும் இயல்பு. குழந்தை டாக்டர் ஆறு மாதம் கழித்து இன்னொரு முறை மட்டும் பார்க்கச் சொல்லியிருந்தார். தடுப்பூசி அட்டையைத் திறந்து காட்டினாள். உள்ளட்டையில் ஐந்தாம் மாத ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கம் மடித்துப் பின்னடித்திருந்தது. அதன் ஓரத்தில் நீல மையில் பெரிய எழுத்துகளில் மூன்று ஸ்கேன் தேதிகள். முதல் இரண்டுக்கும் நேரே அளவு எழுதி, ஒரு சரிக்குறி.

“யாரும்மா எழுதினது?” என்றேன்.

“அத்தைதான், சித்தி. மூணாவதையும் பார்த்துட்டுத்தான் அட்டையை உள்ளே வைப்பேங்கிறாங்க.”